மேலே இருப்பவர் வந்திருக்கிறார்

பெலிஸ்டாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வார்த்தையை மாற்றச் சொன்னது நான்தான். கூட வண்டி ஓட்டும் அமாண்டுஸ் இல்லை, ஓபெடி இல்லை. அவர்கள் இருவரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

என் பெயர் சஃபாரி. சிரிக்க வேண்டாம். எங்கள் கராத்து மேட்டில் வழிப்பயணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள்; அம்மாவுக்கு வலி எடுத்தது சந்தைக்குப் போகும் வழியில். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக அருஷா நகரத்தில் சஃபாரி வண்டி ஓட்டுகிறேன். பெயரைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் நான் கேலி செய்வதாக நினைக்கிறார்கள். இரண்டு பேர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தே விட்டார்கள்.

பெலிஸ்டா எங்கள் கம்பெனியின் சமையல்காரி. அவளும் கராத்துக்காரிதான், ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. கூடாரம் போட்டுத் தங்கும் பயணங்களில் வண்டிக்கு ஒரு ஓட்டுநர், ஒரு சமையலாள். ஓட்டுநர்தான் வழிகாட்டி, அவன்தான் ராஜா. சமையலாள் பின்னிருக்கையில் முட்டை அட்டைகளுக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வர வேண்டும். முகாம் வந்ததும் மூட்டைகளோடு அவளையும் இறக்கிவிட்டுவிட்டு நாங்கள் விருந்தாளிகளை மிருகம் பார்க்கக் கூட்டிப்போவோம். பதினான்கு வருடத்தில் அவள் பூங்காவுக்குள் கழித்த நாட்கள் ஆயிரத்தைத் தாண்டும். சிங்கம் பார்த்த நாட்கள் பத்து தேறாது.

சமையலில் அவளிடம் குறை சொல்ல முடியாது. கரி நெருப்பின் மேல் ஒரு பானையை வைத்து, மூடிமேலும் நாலு கரித்துண்டைப் போட்டு, பிறந்தநாள் கேக்கே சுட்டு எடுப்பாள். சோறு ஒருநாள்கூட அடிப்பிடித்ததில்லை. ஓட்டுநர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டியில் மக்காச்சோளக் களியும் கீரையும் செய்து வைப்பாள், ஏனென்றால் விருந்தாளிகளின் பூசணி சூப்பைக் குடித்துவிட்டு எங்களுக்கு வண்டி ஓட்டத் தெம்பு வராது.

வண்டி ஓட்ட அவள் கற்றுக்கொண்டதற்கும் நாங்கள்தான் காரணம், தெரியாமல்தான். மதியம் சாப்பிட்டதும் ஓட்டுநர்கள் தூங்குவோம். வெயில் நகர்ந்தால் வண்டி இருக்கை சுடும். "காஸ்பர் அம்மா, வண்டியக் கொஞ்சம் நிழல்ல போடு" என்று அவள் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாவியை எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துவிடுவோம். அவள் பாத்திரம் கழுவிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய், முள்மரத்துக்கும் கூடாரக் கயிறுகளுக்கும் நடுவில் அந்தப் பெரிய வண்டியைப் பின்னால் எடுத்து நிழலில் நிறுத்துவாள். அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு வண்டி. பத்து வருடம் இப்படி நிழலைத் துரத்தியதில் பின்னால் எடுப்பதில் அவளை மிஞ்ச அருஷாவில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அதோடு விட்டாளா? உரிமம் வாங்கினாள். மழை மாதங்களில் வேலை இருக்காது. நாங்கள் அப்போது சீட்டாடுவோம். அவள் இரண்டு மழைக்காலம் மாலை வகுப்புக்குப் போய் வழிகாட்டிப் பரீட்சை எழுதி, வகுப்பில் மூன்றாவதாகத் தேறினாள். நான் அந்தக் காலத்தில் இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன். இது அவளுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிடும்.

தேறியபின் வண்டி கேட்டு மாடிப்படி ஏறினாள். எங்கள் முதலாளி ஷிரிமாவின் அலுவலகம் மாடியில். மூன்று முறை ஏறி மூன்று முறையும் "பாக்கலாம்" என்ற பதிலோடு இறங்கினாள். நான்காவது முறை அதிர்ஷ்டம். டென்மார்க்கிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் இரண்டு நாள், ஒரு இரவு என்று மலிவான பயணம் கேட்டிருந்தார்கள். ஒரு ஆள் சம்பளம் மிச்சமாகும் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது.

"தரங்கிரே பூங்காவுக்கு. வண்டியும் நீயே ஓட்டு, சமையலும் நீயே பண்ணு" என்றார்.

"சரி முதலாளி."

"மதியத்துக்குப் பொட்டலம் கட்டித் தர மாட்டேன். நீதான் இருக்கியே, சுடச்சுட ஆக்கிப் போடு."

"சரி முதலாளி."

"கடைசியில அவங்க கருத்து எழுதித் தர்ற தாள் இருக்கில்ல, அது நல்லா இருந்தா சாவி உன்னோடது. இல்லேன்னா அடுப்போட இரு. மறுபடி இந்தப் படி ஏறக் கூடாது."

"ஏற மாட்டேன்."

இதை அவளே கீழே வந்து எங்களிடம் சொன்னாள், முகம் முழுக்கச் சிரிப்போடு. நாங்கள் சிரிக்கவில்லை. அவள் ஓட்டுவது எங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டோம். ஓட்டிக்கொண்டே சமைப்பதுதான் பிரச்சினை. அவள் ஜெயித்துவிட்டால் நாளைக்கு முதலாளி எங்களையும் வெங்காயம் நறுக்கச் சொல்வார். இது நியாயமான பயம்தான். ஆனால் நியாயமான பயம் மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. அந்த மூன்றாவது இடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த வார்த்தை. நாங்கள் வண்டிக்கு வண்டி ரேடியோவில் பேசும்போது மிருகத்தின் பெயரைச் சொல்வதில்லை. விருந்தாளிகளுக்கு நாலு சுவாஹிலி வார்த்தை தெரியும், நாலும் மிருகங்களின் பெயர்தான். சிங்கம் என்று காதில் விழுந்தால் இருக்கையிலிருந்து எழுந்துவிடுவார்கள். போய்ப் பார்த்து அது எழுந்து போயிருந்தால் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் சிங்கத்துக்கு மீசை, யானைக்குக் காது. சிறுத்தை எப்போதும் மரக்கிளையில் கிடப்பதால் அதற்கு "மேலே இருப்பவர்". ஒருவர் கண்டால் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

அவள் பயணம் தொடங்கிய அன்று காலை பூங்கா வாசலில் எங்கள் கம்பெனி வண்டிகள் நாலு நின்றன. பெலிஸ்டா உள்ளே போய் அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்றிருந்தாள். நான் மற்ற இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"சிறுத்தைக்குப் பேர மாத்திடலாம். இன்னைலேருந்து மாப்பிள்ளை" என்றேன்.

"ஏன் மாப்பிள்ளை?" என்றான் ஓபெடி.

"வேல வெட்டி இல்லாம காலத் தொங்கப் போட்டுட்டுப் படுத்திருக்கான், எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. வேற என்ன? அதோட வர்ற சனிக்கிழமை என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். ரேடியோவுல மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு பேசினா கல்யாணப் பேச்சுன்னு நெனச்சுக்குவா."

அமாண்டுஸ் எப்போதுமே கொஞ்சம் மந்தம். "அப்ப மேல இருக்கறவர்னா?"

"மேல இருக்கறவர்னா இனிமே மாடியில இருக்கறவர் மட்டும்தான். முதலாளி. அவரு போன வாரம் என்ன சொன்னாரு? ஒருநாள் சொல்லாம கொள்ளாம ரெண்டு பசங்களோட பூங்காவுக்குள்ள வந்து நிப்பேன், உங்க லட்சணத்தப் பாப்பேன்னாரா இல்லையா? அதுக்கும் ஒரு வார்த்தை வேணுமில்ல."

மூவரும் கை குலுக்கிக்கொண்டோம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெலிஸ்டாவின் விருந்தாளிகளில் அக்காவின் பெயர் பெண்டெ. எழுபது வயது, படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி அக்செல் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசுகிறவர். பெண்டெ அம்மா இதற்குமுன் இரண்டு முறை ஆப்பிரிக்கா வந்து இரண்டு முறையும் சிறுத்தையைப் பார்க்காமல் திரும்பியவர். வண்டியில் ஏறும்போதே அதைச் சொல்லிவிட்டார்.

"சிறுத்தை ஒண்ணு போதும். மத்ததெல்லாம் நான் பாத்தாச்சு. இனிமே வர உடம்பு எடம் குடுக்காது."

"வாக்குக் குடுக்க மாட்டேம்மா" என்றாள் பெலிஸ்டா. "ஆனா அது உங்களவிட எனக்கு அவசரம்."

முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ஓபெடி ரேடியோவில் வந்தான். மாப்பிள்ளை ஆற்றின் மூன்றாம் வளைவில் இருக்கிறார் என்றான். நானும் அமாண்டுஸும் பறந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, அடர்ந்த இலைக்குள்ளிருந்து ஒரு வால் தொங்கியது, அவ்வளவுதான். என் வண்டியில் இருந்த பெல்ஜியக் கசாப்புக்கடைக்காரர் அந்த வாலை நாற்பது படம் எடுத்தார். பெலிஸ்டாவின் வண்டி ஒரு மைல் தள்ளி, ஒரு யானைக் கூட்டத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தூசி கிளப்பிக்கொண்டு ஓடியது அங்கிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கும்.

முகாமில் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லா விருந்தாளிகளும் பக்கத்துப் பக்கத்து மேசையில்தான் உட்காருவார்கள். பெல்ஜியர் தன் வாலை எல்லோருக்கும் காட்டினார். ஐந்து மணிக்கு, ஆற்று வளைவில் என்றார். பெண்டெ அம்மா அந்தப் படத்தை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் அவர் சூப்பைத் தொடவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெலிஸ்டா இதையெல்லாம் பார்த்தாள். பகல் முழுதும் வண்டி ஓட்டிவிட்டு, கூடாரம் போட்டுவிட்டு, ஐந்து வகை சமைத்துவிட்டு, நின்ற இடத்தில் நின்று பார்த்தாள்.

பிறகு எங்கள் களிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆமாம், அன்றும் எங்களுக்குச் செய்திருந்தாள். வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, மாப்பிள்ளைக்கு எப்பக் கல்யாணம்?"

"சனிக்கிழமை" என்றேன்.

"நல்லது. கேக் வேணும்னா சொல்லுங்க, சுட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கடைசி நாள். நாங்கள் கூடாரம், மூட்டை, சமையலாள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மதியப் பொட்டலங்களோடு தெற்கே கிளம்பினோம். மற்ற கம்பெனிக்காரர்களும் அப்படித்தான். பத்து மணிக்குமேல் முகாமில் காக்கை குருவி இருக்காது. புது ஆட்கள் வர மூன்று மணியாகும். பெலிஸ்டாவும் காலையில் சுற்றினாள். பதினொரு மணிக்கு எதிரும் புதிருமாகச் சந்தித்தோம். நாங்கள் தெற்கே, அவள் முகாமை நோக்கி வடக்கே.

"அடுப்பு கூப்பிடுதா?" என்றேன் சன்னல் வழியாக.

"ஆமாண்ணே, கூப்பிடுது."

அமாண்டுஸ் தன் வண்டியிலிருந்து கத்தினான். "பூனையக் கேட்டதாச் சொல்லு."

அந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முகாமின் சமையலறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் குழாய் என்றைக்கும் ஒழுகும். காய்ந்த மாதங்களில், எல்லோரும் போனபின், நண்பகலில் ஒரு பெண் சிறுத்தை அந்த ஒழுகல் குட்டையில் தண்ணீர் குடிக்க வருகிறது என்று பெலிஸ்டா பல வருடமாகச் சொல்லிவந்தாள். நாங்கள் முகாமில் குறட்டை விடும் நாட்களில் அது வராது. அதனால் எங்களில் யாரும் பார்த்ததில்லை. வெங்காயம் நறுக்கிக் கண் கலங்கியதில் ஏதோ பூனையைப் பார்த்திருக்கிறாய் என்று அவளைக் கேலி செய்து வந்தோம். சமையல்காரி சொன்னதை வழிகாட்டி நம்பினால் பிறகு என்ன வழிகாட்டி?

இனி நான் சொல்வது பெண்டெ அம்மா அன்று மாலை பூங்கா வாசலில் எல்லோரிடமும் சொன்னது.

வண்டி முகாமுக்குத் திரும்புகிறது என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லா வண்டியும் அந்தப் பக்கம் போகும்போது நாம் மட்டும் ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டார். "நாங்க சோறு தின்ன இவ்வளவு தூரம் வரல" என்றார். அக்செல் மட்டும் சோற்றில் தவறொன்றும் இல்லை என்றாராம்.

பெலிஸ்டா வண்டியை நிறுத்தினாள். திரும்பி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்கம்மா. ஒண்ணும் நடக்கலேன்னா தாள்ல உங்க மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க. நான் உங்கமேல வருத்தப்பட மாட்டேன்."

"எழுதினா உனக்கு என்ன ஆகும்?"

"மறுபடி சமைக்கப் போவேன்."

முகாமுக்கு வந்ததும் வண்டியைப் பின்னால் எடுத்து, ஓட்டுநர் கதவு சமையலறை வாசலுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும்படி நிறுத்தினாள். இருவரையும் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். எதிர்ப்பக்கம் குரங்குக்குப் பயந்து கம்பிவலை அடித்த பெரிய சன்னல். அதன் அடியில்தான் அடுப்பு. வலைக்கு அந்தப் பக்கம் பதினைந்து அடி தூரத்தில் தொட்டி. அரிசியை அடுப்பில் வைத்தாள். அந்த அம்மாவின் கையில் ஒரு கத்தியும் நாலு வெங்காயமும் கொடுத்தாள், அக்செலுக்குப் பீன்ஸ். பேசக் கூடாது, எழக் கூடாது, கையில் வேலை இருந்தால் வாய் தானாக அடங்கும் என்றாள்.

வெளியே சாம்பல் மேட்டில் கினிக்கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டேகாலுக்கு அவை கிளறுவதை நிறுத்தின. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நடந்து போய்விட்டன. பெலிஸ்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலைவிட்டுத் தள்ளி வந்தாள்.

புல்லுக்குள்ளிருந்து முதலில் தலை வந்தது. பிறகு முழு உடம்பும், அவசரமே இல்லாமல், தன் வீட்டுப் புழக்கடையில் நடப்பதுபோல. குட்டை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் பார்த்தது. தொண்டைக்குள் ஏதோ மெல்லச் சொன்னது. புல்லிலிருந்து இரண்டு குட்டிகள் ஓடிவந்தன. பெலிஸ்டாவே அதுவரை குட்டிகளைப் பார்த்ததில்லை. பதினான்கு வருடம் பார்த்தவளுக்கும் அன்று முதல் தடவைதான்.

பெண்டெ அம்மா அழுதார். வெங்காயத்தால் இல்லை என்று வாசலில் அவரே சொன்னார். மூன்று பயணம், கனவில் வந்த கிளைகள், நேற்று கையில் வாங்கிப் பார்த்த அந்நிய வால், எல்லாம் சேர்ந்து கன்னத்தில் வழிந்தது. ஒரு குட்டி ஒழுகும் குழாயை முன்னங்காலால் அடித்தது. மற்றது தாயின் வாலைக் கடித்தது. அடுப்பில் சோறு தீயும் வாசனை வந்தது. சிறுத்தை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டு மறுபடி குடித்தது. அடுப்பை அணைக்கச் சன்னல் பக்கம் போக வேண்டும், போனால் அது ஓடிவிடும். பெலிஸ்டா அசையவில்லை.

ஆனால் எழுதாத சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. அவள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, கதவை மெல்லத் திறந்து வண்டிக்குள் கையை நீட்டி ரேடியோவை எடுத்தாள். இதற்குமேல் நடந்தது எனக்கே தெரியும். நான் தெற்கே நாலு மைல் தூரத்தில் ஒரு பெருமரத்தின் நிழலில், விருந்தாளிகளைப் பொட்டலத்தோடு உட்கார வைத்துவிட்டு, இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தேன்.

"எல்லாருக்கும் பெலிஸ்டா பேசறேன்" என்று கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. "மேல இருக்கறவர் வந்திருக்காரு. முகாம்ல, சமையக்கட்டுக்குப் பின்னாடி, தண்ணித் தொட்டிகிட்ட."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்காரு" என்றாள்.

அமாண்டுஸின் குரல் வந்தது, அவனும் ஏனோ கிசுகிசுத்தான்.

"என்ன பண்றாரு?"

"தண்ணி குடிக்கறாரு."

"கோவமா இருக்காரா?"

"இல்ல. சாந்தமாத்தான் இருக்காரு. வர்றவங்க சத்தம் போடாம மெதுவா வாங்க."

ஓபெடி குறுக்கே வந்தான். "நாங்க ரொம்ப தூரத்துல இருக்கோம்னு சொல்லிடு."

"அவர்கிட்டயா?"

"ஆமா. கேட்டாச் சொல்லு."

"அவரு கேக்க மாட்டாருண்ணே" என்றாள் பெலிஸ்டா. "சரி, நான் சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க."

என்ன வேகத்தில் கிளம்பினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. என் வண்டியின் பின்சக்கரம் இரண்டும் வழுக்கை. மாற்றிவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். ஓபெடியின் கதை வேறு, அவனுடைய குளிர்ப்பெட்டியில் விருந்தாளிகளுக்கான பீர் பாதிதான் இருந்தது. அமாண்டுஸ் தன் மைத்துனனை உதவியாள் என்று சொல்லி ஓசியில் ஏற்றி வந்திருந்தான். மூன்று வண்டியும் முகாமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே தெற்கே ஓடின. ஏன் இவ்வளவு அவசரம் என்று பெல்ஜியர் கேட்டார். எருமை என்றேன். எருமையும் இல்லை.

நாற்பது நிமிடம். நாங்கள் அங்கே போயிருந்தால் மூன்று இன்ஜின், பதினேழு கேமரா. சிறுத்தை மூன்று நிமிடம் நின்றிருக்காது. நாற்பது நிமிடம் அந்தத் தாயும் குட்டிகளும் இரண்டு டென்மார்க்காரர்களுக்கும் ஒரு சமையல்காரிக்கும் மட்டும் சொந்தமாக இருந்தன. கடைசியில் அவை தாமாகவே எழுந்து புல்லுக்குள் போனபிறகுதான் பெலிஸ்டா அடுப்பை அணைத்தாள். சோறு பானையோடு ஒட்டிவிட்டது. மேலாகச் சுரண்டிப் பரிமாறினாள். அக்செல் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

அமாண்டுஸ் மட்டும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பூங்காவில் ஒரே ஒரு மேட்டில்தான் கைபேசிக்கு உயிர் வரும். அதில் வண்டியை ஏற்றி முதலாளிக்கே போன் போட்டான். "முதலாளி, நீங்க முகாம்ல இருக்கறது தெரியும். மச்சான ஏத்திட்டு வந்தது தப்புதான், பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்கணும்" என்றான். முதலாளி அப்போது மோஷி நகரத்தில் ஒரு முடிதிருத்தகத்தில், பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தார். எந்த முகாம், எந்த மச்சான் என்று கேட்டார். அமாண்டுஸ் அவ்வளவையும் விவரமாகச் சொன்னான்.

மாலை ஐந்து மணிக்கு வெளியேறும் வாசலில் நாலு வண்டியும் சேர்ந்தன. நான் முதலாளியின் வெள்ளை வண்டியைத் தேடினேன். இல்லை. பெண்டெ அம்மா கேமராவை வைத்துக்கொண்டு நடுவில் நின்றார், சுற்றிலும் எங்கள் மூன்று வண்டி விருந்தாளிகள். பெல்ஜியர் படங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"இது எங்க?"

"முகாம்லதான். சமையலறைக்குப் பின்னால."

"எப்ப?"

"பன்னெண்டேகாலுக்கு. பெலிஸ்டா எல்லாரையும் ரேடியோவுல கூப்பிட்டாங்களே" என்றார் அந்த அம்மா, கள்ளம் கபடமில்லாமல்.

பெல்ஜியர் என் பக்கம் திரும்பினார். கசாப்புக்காரர், கை பெரிய கை. அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவளுக்கு மேலே இருப்பவர் இன்னும் சிறுத்தைதான். ஓபெடிக்கும் விளங்கியிருக்க வேண்டும், தன் சக்கரத்தை முதல்முறை பார்ப்பவன்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை முதலாளி எங்கள் எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னார். அமாண்டுஸின் மச்சான் விவகாரத்தை முதலில் முடித்தார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு பெலிஸ்டாவைக் கூப்பிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தத் தாளை எடுத்தார். அவள் கை இரண்டையும் கோத்துக்கொண்டு நின்றாள். கேலி செய்த நானே அவளுக்காக வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போகிறது.

"வழிகாட்டிங்கற எடத்துல எடம் பத்தாம பின்பக்கமும் எழுதியிருக்காங்க. அத அப்புறம் படிக்கறேன்" என்றார். "சாப்பாடுங்கற எடத்துல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? சோறு தீஞ்சு போச்சு. ஆனா வாழ்க்கையில நான் சாப்பிட்ட சாப்பாட்டுலயே அதுதான் நல்ல சாப்பாடு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலு வருஷத்துல உன்மேல சோறு தீஞ்ச புகார் வந்ததே இல்ல."

"இல்ல முதலாளி."

"சோத்தத் தீய விடற ஆள இனிமே அடுப்புல வச்சு நான் என்ன பண்ண?" என்று மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். "சமையலுக்கு வேற ஆள் பாக்கறேன். நீ ஓட்டு, ஓட்டறது மட்டும்."

பெலிஸ்டா சாவியை இரண்டு கையாலும் வாங்கினாள். மாடிப்படியில் நிதானமாகத்தான் இறங்கினாள். கீழே வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், கம்பெனி முற்றத்தில் கைதட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினாள். வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் வாளியைத் தட்டினார்கள். நானும் தட்டினேன், வலிக்கும்வரை தட்டினேன். எங்களை யாரும் வெங்காயம் நறுக்கச் சொல்லவில்லை என்ற நிம்மதியும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் இஞ்சித் தேநீர்க் கடையில் அவளைத் தனியாகப் பிடித்தேன். மேசைமேல் அவள் கோப்பைக்குப் பக்கத்தில் சாவி இருந்தது.

"பெலிஸ்டா, உண்மையச் சொல்லு. களிச் சட்டியக் கொண்டுவந்து வச்சியே, மாப்பிள்ளைக்கு எப்பக் கல்யாணம்னு கேட்டியே, அப்பவே உனக்குத் தெரியும்தானே? புது வார்த்தை மாப்பிள்ளைன்னு?"

அவள் சர்க்கரை போட்டாள். கலக்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு யாரும் சொல்லாத வார்த்தைய நான் எப்படிண்ணே ரேடியோவுல பேசறது?" என்றாள்.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று அவளுக்கு நாலு நாள் பயணம், ஆறு விருந்தாளிகள், பின்னிருக்கையில் புது சமையல்காரர். கடைக்கு முன்னால் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று, வா வா என்று கை காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை, ஒரே வீச்சில் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.